நடுவில் ஆள் இல்லாத சனிக்கிழமை

அக்டோபர் 2, புதன்

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி வருஷம் முழுக்க வெறுமனே கிடந்தது. பாங்காக்கில் மகள் வீட்டுக்குப் போகிறோமே, அங்கே இருக்கிற நாட்களையாவது எழுதுவோம் என்று எடுத்து வந்தேன். முப்பது வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எழுது எழுது என்று விரட்டியவள் நான். நாலு நாள் நானே எழுதினால் விரல் தேய்ந்துவிடாது.

கோயமுத்தூரில் விமானம் ஏறியதுமே சோதனை. பாங்காக்கிலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்பிய மாப்பிள்ளை தரணிதரன் எனக்கும் அவருடைய அம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையாகப் போட்டிருக்கிறார். சம்பந்தியம்மாள் சுலோசனாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. என் மகள் சிந்துஜாவின் கல்யாணத்தன்றிலிருந்து இப்படித்தான். தலைமுடியைப் பிடிக்கிற சண்டை இல்லை, மரியாதையான சண்டை. சொல்ல வேண்டியதை நடுவில் ஓர் ஆளை வைத்துச் சொல்லிக்கொள்வோம். கோயிலில் எதிர்ப்பட்டால் பூசாரி, விசேஷ வீட்டில் பார்த்தால் பந்தல்காரர், யாரும் கிடைக்காவிட்டால் யாராவது வரும்வரை காத்திருப்போம்.

அவருடைய பை சாய்ந்து என் காலை அழுத்தியது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "அந்தப் பையைக் கொஞ்சம் நகத்தச் சொல்லு கண்ணு" என்றேன். சென்னைவரை போகிற விமானம், தமிழ்ப் பெண்தான். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, அவங்க உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க?" என்றாள். "நகத்தறேன்னு சொல்லீரு சாமி" என்றார் சம்பந்தி அவளிடம். அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கள் வரிசைப் பக்கமே வரவில்லை. தண்ணீர் கேட்டுப் பொத்தானை அமுக்கியதில் விரல் வலித்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 3, வியாழன்

நேற்று ராத்திரியே வந்து சேர்ந்துவிட்டோம். சிந்துவுக்கு ஐந்து மாதம். முகம் தெளிந்து அழகாக இருக்கிறாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு மாமியாரைக் கட்டிப்பிடித்தாள். அவரை இன்னும் கொஞ்சம் நேரம் கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது. நான் அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை.

வீடு இருபதாவது மாடிக்கும் மேலே. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், அவ்வளவுதான். படுக்கையறையை எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் ஹாலில் படுத்துக்கொள்கிறார்கள். ஒரே கட்டில். நடுவில் ஒரு தலையணையை வைத்து எல்லை போட்டாயிற்று. சம்பந்தி ஏசியைக் குளிர வைக்கிறார், நான் நிறுத்துகிறேன், அவர் மறுபடி போடுகிறார். இதற்கு மட்டும் நடுவில் ஆள் தேவைப்படவில்லை.

சண்டைக்குக் காரணத்தை எழுதிவிடுகிறேன். ஐப்பசி மழையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பஸ் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே எங்கள் ஊர் கோபிக்கு வந்துவிட்டது. நான் மண்டபத்து மாடியில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று வாங்க என்று கூப்பிட ஆள் இல்லை. கூப்பிடாமல் எப்படி உள்ளே வருவது என்று சம்பந்தி மழையிலேயே நின்றுவிட்டார், கல்யாணப் பட்டுச் சேலையோடு. நான் ஓடிவந்து, "உள்ள வந்திருக்கலாமுங்களே, கதவு தொறந்துதானே இருந்துச்சு?" என்றேன். இதில் என்ன தப்பு? ஆனால் அவர் தன் தம்பியைக் கூப்பிட்டு, "கதவு தொறந்திருந்தா நாய்கூடத்தான் உள்ள வரும்னு அவங்ககிட்ட சொல்லுடா" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது.

இன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது சிந்து எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தாள்.

"தையில கொழந்தை பொறக்கும். இந்த வீட்டுல இன்னும் ஒருத்தருக்குத்தான் எடம். அம்மா வர்றதா, அத்தை வர்றதான்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நேருக்கு நேரா பேசோணும், எங்க ரெண்டு பேர்ல யாரையும் நடுவுல வெக்கக் கூடாது. ஊருக்குக் கெளம்பறதுக்குள்ள பேசலீன்னா ரெண்டு பேருமே வர வேண்டாம். நான் இங்கயே நர்ஸ் வெச்சுக்கறேன்."

தலைப்பிரசவம் பெற்றவள்தான் பார்க்க வேண்டும், இதில் பேச என்ன இருக்கிறது? இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரில் அவரும் வாயைத் திறந்தார். இரண்டு பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 4, வெள்ளி

பேசவில்லை.

சிந்து சமையலறையில் மாமியாரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அவரோடு மணிக்கணக்கில் பேசுவாளாம், மாப்பிள்ளை சொன்னார். எனக்கு வருகிற போன், "சாப்டியாம்மா, நல்லா இருக்கியாம்மா, மீட்டிங் இருக்குது, வெக்கறேன்." வேலைக்குப் போகிற பெண், நேரம் எங்கே இருக்கும்? எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது.

அக்டோபர் 5, சனி

இன்று ஊர் சுற்றிப் பார்க்கிற நாள். நடந்ததை வரிசையாக எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

ரயிலில் போவது, ஆறு தெரிந்ததும் இறங்குவது, படகில் ஏறி அக்கரையில் இருக்கிற கோபுரக் கோயிலைப் பார்ப்பது, ராத்திரி சீனர்கள் தெருவில் சாப்பாடு. இதுதான் திட்டம். மேம்பாலத்தின் மேலேயே ரயில் ஓடுகிறது. நடுவில் ஒரு பெரிய நிலையத்தில் வண்டி மாற வேண்டும். கூட்டமோ கூட்டம். மாப்பிள்ளை சிந்துவைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறிவிட்டார். கதவருகில் நானும் சம்பந்தியும்.

மாப்பிள்ளையைப் பெற்றவரை விட்டுவிட்டு நான் முதலில் ஏறினால் அது மரியாதை இல்லை. அதனால் ஒதுங்கி நின்றேன். கூப்பிடாமல் ஏறினால் அவருக்கு மரியாதை இல்லை. அதனால் அவரும் நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு உள்ளே சிந்து இரண்டு கையையும் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினாள். வண்டி போய்விட்டது. என் போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. சம்பந்தியின் போன் மாப்பிள்ளையின் தோள்பையில்.

நடைமேடையில் விசில் வைத்துக்கொண்டு ஒரு காவலாளி நின்றார். அவரிடம் போனேன்.

"சார், அடுத்த வண்டியில வரச் சொல்லுது எம்புள்ள. அதுல போயிரலாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே "கப், கப்" என்றார். தாய்லாந்தில் எதற்கும் இதையே சொல்கிறார்கள். சம்பந்தி அவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அந்தப் புள்ள இங்கயே நிக்கச் சொல்லிக் கையைக் காட்டுச்சு. நாங் கண்ணால பாத்தேன். அவங்ககிட்ட சொல்லுங்க."

"கப், கப்."

"ஆறு தெரிஞ்சா எறங்கோணும்னு காலைலயே சொன்னாளே, அதுகூட அவங்களுக்கு ஞாபகமில்லையான்னு கேளுங்க."

"வாத்திச்சியம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் என்னத்தக் கண்டேன்னு சொல்லுங்க."

காவலாளி இரண்டு பேரையும் வணங்கிவிட்டு விசில் ஊதினார். அடுத்த வண்டி வந்தது. இந்த முறை நான் யோசிக்காமல் ஏறிவிட்டேன். அவர் என் பின்னாலேயே ஏறினார். பிள்ளைகள் அடுத்த நிலையத்தில் இறங்கி, எங்களைத் தேடி அங்கேயே திரும்பி வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சம்பந்தி சொன்னதுதான் சரி. டைரியில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு தெரிந்தது, இறங்கினோம். படகுத்துறையில் ஆயிரம் பேர், எல்லாம் நமக்குத் தெரியாத எழுத்து. கோயில் பெயர் இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது. நான் கையை உயர்த்திக் கோபுரம் மாதிரிக் காட்டினேன். சீட்டுக் கொடுக்கிற அம்மாள் பயந்துபோய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அப்போது சம்பந்தி சுருக்குப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில் அந்தக் கோபுரமே அச்சாகியிருக்கிறது! மாப்பிள்ளை கைச்செலவுக்குக் கொடுத்த சில்லறையில் அவர் எப்போது அதைக் கவனித்தாரோ. அந்த அம்மாள் நாணயத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு இன்னும் கேட்டுக் கையை நீட்டினாள். "வழி கேட்டா காச வாங்கிப் போட்டுக்கறாளே, இதென்ன ஊரு?" என்றார் சம்பந்தி ஆற்றைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் ஆற்றைப் பார்த்தே சிரித்தேன்.

படகு ஆடியது. ஒவ்வொரு அலைக்கும் என் முந்தானை இழுபட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, சம்பந்தி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன், அவர் பிடிக்காத மாதிரி இருந்தார்.

கோயில் அழகு. கோபுரம் முழுக்கப் பீங்கான் துண்டுகளைப் பூவாக, இலையாக ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக உடைந்த பீங்கானைச் சேர்த்து வைத்திருந்தால் கோபியில் ஒன்று கட்டியிருக்கலாம். இளம்பெண்கள் வாடகைக்குப் பட்டு உடுத்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைக் காணோம்.

மேலே ஏறினால் தெரிவார்கள் என்று சம்பந்தி படியேறத் தொடங்கினார். அதைப் படி என்று சொல்லக் கூடாது, சுவர். அவர் ஏறும்போது நான் கீழே நின்றால் நன்றாகவா இருக்கும்? நானும் ஏறினேன். மேலே காற்று, ஆறு, படகுகள், ஊரே தெரிந்தது. எங்கள் பிள்ளைகளைத் தவிர எல்லாம் தெரிந்தது.

இறங்கும்போதுதான் விஷயம். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி இறங்கிவிட்டேன். சம்பந்தி பாதியில் நின்றுவிட்டார். கீழே பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார், கம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நிற்கிறது. கோபுரத்தைத் தலையில் தாங்கிக்கொண்டு வரிசையாகக் குரங்குச் சிலைகள். வேறு யாரும் கிடைக்காமல் ஒரு குரங்கைப் பார்த்துச் சொன்னேன்.

"கீழ பாக்க வேண்டாம், ஒவ்வொரு காலா வெக்கச் சொல்லு."

சம்பந்தி கம்பியை விடவில்லை. நான் மறுபடியும் மேலே ஏறி, அவருக்கு ஒரு படி கீழே நின்று, அவருடைய கணுக்காலைப் பிடித்து அடுத்த படியில் வைத்தேன். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது.

"சம்மந்தி! வாங்க! நான் இருக்கேன், வாங்க!"

கண்ணை மூடியபடியே அவர் சொன்னார்: "இந்த வார்த்தைய அன்னிக்குச் சொல்லியிருந்தா உள்ள வந்திருப்பேன். இன்னிக்குச் சொல்றீங்க, காலு வர மாட்டேங்குதுங்களே."

"காலு வரும். நான்தான் புடிச்சிருக்கேனே."

"நீங்க புடிச்சிருக்கறதுதாங்க பயமே."

இப்படிப் பேசிக்கொண்டே இறங்கினோம். கீழே வந்ததும் இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். வெள்ளைக்காரக் குடும்பம் கை தட்டியது.

இளநீர் வாங்கினோம். ஒரு வாய் குடித்ததும் அவர் ஆரம்பித்துவிட்டார். மழையில் நின்றது, பட்டுச் சேலை சாயம் போனது, அவருடைய நாத்தனார் இன்றைக்குவரை அதைச் சொல்லிச் சிரிப்பது. நான் மட்டும் இளைத்தவளா? நாய் என்று சொன்னது, என் தம்பி பெண்டாட்டி முன்னால் சொன்னது, அன்றைக்கு நான் சாப்பிடாதது. இரண்டு வருஷமாகப் பூசாரியிடமும் பந்தல்காரரிடமும் சொல்லி அனுப்ப முடியாததை எல்லாம் அந்தக் கோயில் மதிலடியில் கொட்டினோம். பட்டு உடுத்திய பெண்கள் வேறு இடம் பார்த்துப் போட்டோ எடுக்கப் போனார்கள்.

"எல்லாஞ் சரிங்க," என்றேன். "தையில நான்தான் வருவேன். பெத்தவ நானு."

"உங்களுக்குப் பெரிய பொண்ணு ஒருத்தி இருக்குது. அதோட ரெண்டு கொழந்தைக்கும் நீங்கதான் பிரசவம் பாத்துத் தண்ணி ஊத்துனீங்க. எனக்கு இவன் ஒருத்தந்தான். பொட்டப்புள்ளையும் இல்லை, பிரசவம் பாக்கற கொடுப்பினையும் இல்லை. பொறந்த கொழந்தையக் கையில வாங்கோணும், அவ்ளோதானுங்க ஆசை." அவர் இளநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சொல்ல நினைக்காத ஒன்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவ உங்ககிட்டத்தான் பேசறா. எங்கிட்ட பேச அவளுக்கு நேரமே இல்லை. இதுக்காவது நான் வேணும்னு சொல்ல மாட்டாளான்னு பாக்கறேன்."

சம்பந்தி என்னை நேராகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்கிட்ட என்ன பேசுதுனு நெனச்சீங்க? எங்கம்மா அரிசிம்பருப்புச் சோறு ஆக்குனா இப்படி வருமே, எனக்கு ஏனுங்கத்தை வர மாட்டேங்குது? எங்கம்மா தைலம் ஒண்ணு தேய்க்குமே, அது என்ன தைலம்? ஞாயித்துக்கெழமை பூரா எங்கம்மா, எங்கம்மாதான். எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

"அத எங்கிட்டயே கேக்கலாமுல்ல?"

"உங்ககிட்ட கேட்டா பாடம் எடுப்பீங்களாமா."

இது உண்மையா என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். ஒருவேளை கொஞ்சம் எடுப்பேன். ஆனாலும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவர் முந்தானையை நீட்டினார், நான் வாங்கிக்கொள்ளவில்லை, பிறகு வாங்கிக்கொண்டேன். உரக்கப் பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் ஓடிவந்தார்கள். படகுத்துறையிலேயே எங்கள் சத்தம் கேட்டதாம். சிந்து அழுதாள், திட்டினாள், தண்ணீர் குடித்தாள். அப்புறம்தான் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டா இருந்தீங்க?"

ராத்திரி சீனர் தெரு. இந்தப் பயணத்தில் மறக்க முடியாத இடம் இதுதான். தெரு நீளத்துக்கும் மஞ்சள் கொடி. நம் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழா மாதிரியே. மாப்பிள்ளை விளக்கினார்: சீனர்கள் இந்த நாட்களில் கறி, மீன், முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் தொடாமல் விரதம் இருக்கிறார்கள், மஞ்சள் கொடி போட்ட கடையில் சுத்த சைவம்தான். புரட்டாசி மூன்றாம் சனியும் அதுவுமாக எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடல் தாண்டி வந்தால் இங்கேயும் புரட்டாசி!

ஆனால் தட்டில் வந்தது முழு வாத்து. தோல், சதை, எல்லாம் வாத்து. சோயாவில் செய்ததாம்.

"இது சைவம்னு சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்றார் சம்பந்தி, நேராக என்னிடம்.

"சோயாதானுங்க. கடிச்சுப் பாருங்க."

"நீங்க மொதல்ல கடிங்க சம்மந்தி. பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத்தான் மொத மரியாதை."

"எப்பிருந்துங்க?"

"இன்னிக்கிருந்து."

கடித்தேன். நன்றாகவே இருந்தது. வாத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போது, படகில் திரும்பி வருகையில் பேசி வைத்தபடியே, சம்பந்தி தொண்டையைச் செருமினார். "நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். டேய் தரணி, தை பொறந்ததும் உன்ற சிநேகிதன் ரூமுக்குப் போயிரு."

மாப்பிள்ளை வாயில் இருந்த நூடுல்ஸ் அப்படியே நின்றது. "நானா? எதுக்கும்மா?"

"ஒருத்தருக்குத்தான் எடம்னா யாராச்சும் ஒருத்தரு போகோணுமல்ல? நாங்க ரெண்டு பேரும் வர்றோம். நீ போ."

"அம்மா, அது என்ற வீடும்மா!"

"உன்ற வீடுதான், யாரு இல்லீன்னா? கொழந்தை பொறக்கறப்ப வா, பாரு, போட்டோ எடு. ராத்திரி படுக்க மட்டும் அங்க போயிக்க."

சிந்து என்னைப் பார்த்தாள். "ஒருத்தர்னுதானே சொன்னேன்?"

"நேருக்கு நேராப் பேசி முடிவு பண்ணச் சொன்னே. பண்ணிட்டோம்" என்றேன். "கட்டில்ல ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாம்னு மூணு ராத்திரியாப் பாத்தாச்சு."

"ரெண்டு பேரும் பேசிக்கணும்னு நீதானே சிந்து சாமி கும்பிட்டே?" என்றார் மாப்பிள்ளை. அந்தக் குரலைக் கேட்டுச் சிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் மாப்பிள்ளை பால்கனியில் நின்று சிநேகிதனுக்குப் போன் செய்தார். கெஞ்சுகிற மாதிரிக் கேட்டது. பாவம், நல்ல பிள்ளை. பெற்றவள் வளர்த்த விதம் அப்படி, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். சிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தாள். சின்ன வயதில் பரீட்சைக்கு முதல் நாள் சாய்கிற மாதிரி. "நீ வர்றேன்னு சொன்ன பொறவுதாம்மா எனக்குப் பயம் விட்டுது" என்றாள். பாடம் எடுக்கவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். பெற்றவள் பெற்றவள்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். சமையலறையில் சிந்துவின் குரல்: "நீங்க வர்றேன்னு சொன்ன பொறவுதான் அத்தை எனக்குப் பயம் விட்டுது."

அம்மா அத்தை ஆனதையும் நீ நீங்க ஆனதையும் தவிர ஒரு எழுத்துக்கூட மாறவில்லை! நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். கோபம்தான் முதலில் வந்தது. கள்ளி. பிறகு பார்த்தால் சிரிப்பு வருகிறது, அடக்க முடியவில்லை. இரண்டு மாமலைகளை ஒரே வரியில் சாய்த்துவிட்டாள். இவளுக்கு நான் இனிமேல் எதைக் கற்றுக்கொடுக்க?

தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சம்பந்தி வந்தார். முகம் பூத்திருந்தது. கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சம்மந்தி, இத உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலைங்க. நான் வர்றதாலதான் பயமே போச்சுன்னு சொல்லுது சிந்து."

நானும் கேட்டேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"பின்ன?" என்றேன். "உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்டங்க சொல்லுவா?"

அவர் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். பிறகு என் சேலை ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உங்ககிட்டயும் ஏதோ சொல்லிட்டிருந்தா போல இருந்துதே, என்னங்க?"

"ஒண்ணுமில்லைங்க. பசிக்குதுன்னா."

"அப்படித்தான் கேட்டுதுங்க எனக்கும்" என்றார் சம்பந்தி.